போட்டு இழுக்கும் பம்பர்

என் ஜீப்பின் பின்னால் இருக்கும் பம்பரை நான்தான் செய்தேன். கடையில் வாங்கி மாட்டியது அல்ல, பட்டறையில் கொடுத்துச் செய்துகொண்டதும் அல்ல. அதன் ஒவ்வொரு மூலையும் நான் குனிந்து உட்கார்ந்து வெல்டிங் வைத்தது. இதைச் சொல்லும்போது என் குரல் ஒரு சுற்று பெருத்துவிடுகிறது என்று மனைவி கேலி செய்வாள். பெருக்கட்டும். கணக்கு எழுதிப் பிழைக்கிற ஓர் ஆள் இரும்பை இரும்போடு ஒட்டவைத்தால் கொஞ்சம் பெருக்கத்தான் செய்யும்.

நாங்கள் இருப்பது மாடம்பாக்கத்தில், ஒரு சிறிய குடியிருப்பின் தரைத்தளத்தில். மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. எனக்குத் தாம்பரத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை. ஜீப் பழையது, நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வகை. அதை வாங்கிய புதிதில் சர்ச்சில் பலர் என்னிடம் துக்கம் விசாரிப்பதுபோல விசாரித்தார்கள், நல்ல கார் ஒன்றும் கிடைக்கவில்லையா என்று. எனக்கு அதுதான் நல்ல கார். ஒருநாள் வண்டலூரில் சிக்னலுக்காக நின்றபோது பின்னால் வந்த வேன் ஒன்று இடித்தது. லேசான இடிதான். பழைய பம்பர் அப்பளமாக நொறுங்கியது. அடுத்து வருவது தகரமாக இருக்கக் கூடாது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் இதற்கென்றே தகடுகளை வெட்டி அனுப்புகிறார்கள். கனமான இரும்புத் தகடுகள், ஒன்றின் பல் இன்னொன்றின் துளையில் போய் உட்காரும்படி லேசரில் வெட்டியவை. கூடவே போல்ட்டுகள், கயிறு மாட்டுவதற்கு இரண்டு தடித்த கொக்கிகள். அவ்வளவுதான். ஒட்டுவது நம் பாடு. மரப்பெட்டியைப் பிரித்ததும் மேலாக ஒரு செய்முறைத் தாள் இருந்தது. அதில் ஒரு வரி மட்டும் சிவப்பில் அச்சாகியிருந்தது. இழுக்கும்போது கொக்கி பிய்ந்தால் கயிறோடு பறந்துவந்து ஆளையே கொன்றுவிடும், வெல்டிங்கில் சந்தேகம் இருந்தால் இழுக்காதீர்கள் என்று.

மனைவியின் கண்ணில் அதுதான் முதலில் பட்டது.

“ஏங்க, செவுத்துல நீங்க ஆணி அடிச்சா காலண்டரே கோணலா தொங்குது. நீங்க வெல்டிங் பண்ணப் போறீங்களா?”

“ஆணி வேற டிபார்ட்மெண்ட்,” என்றேன்.

வெல்டிங் மெஷினை வாடகைக்கு எடுத்தேன். முகமூடியும் தோல் கையுறையும் வாங்கினேன். பழைய இரும்புக் கடையில் துண்டுகளைப் பொறுக்கிவந்து சனிக்கிழமைகளில் பழகினேன். வீடியோ பார்ப்பேன், ஒட்டுவேன், ஒட்டியதைச் சுத்தியலால் அடித்து உடைப்பேன், மறுபடி ஒட்டுவேன். ஆரம்பத்தில் எல்லாம் பிஸ்கட் மாதிரி உடைந்தது. மேல்வீட்டுக்காரர் மோட்டார் போடுகிற நேரத்தில் நானும் வெல்டிங் போட்டால் மெயின் விழுந்து கரண்ட் போய்விடும். அவர் பால்கனியில் வந்து எட்டிப் பார்ப்பார். நான் முகமூடியைக் கழற்றாமலே ஒரு கும்பிடு போடுவேன். பிறகு ஒரு சனிக்கிழமை, எத்தனை அடி அடித்தும் துண்டு உடையவில்லை. எனக்குத்தான் தோள்பட்டை விட்டுப்போனது. அன்று நான் பட்ட சந்தோஷத்துக்கு அளவே இல்லை. அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்கே போய்விட்டேன்.

சனிக்கிழமைகளில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா ஒருவர் உண்டு. ஈ.சி.ஆர். ஓரத்துக் குப்பத்திலிருந்து வருகிறவர். அவர் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். அவர்களுக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு, அவர் பேச்சில் ‘போட்டு’, இருந்தது, அதுதான் அந்தக் குடும்பத்தின் மொத்தச் சொத்து. எங்கள் வாசலில் அன்னக்கூடையை இறக்கிவைத்து, என் மனைவிக்கு மீன் ஆய்ந்து கொடுத்துக்கொண்டே என் வேலையை வேடிக்கை பார்ப்பார்.

“இன்னா சார், இரும்புக் கடை போட்டுகினு கீற?”

“பம்பருக்கா. பின்னாடி மாட்டப் போறேன்.”

“இந்தக் கொக்கி இன்னாத்துக்கு?”

“எங்கயாவது சிக்கிக்கிட்ட வண்டிய இழுக்க.”

அவர் கத்தியை நிறுத்திவிட்டுக் கொக்கியைப் பார்த்தார்.

“போட்டு இழுக்குமா?”

“போட்டு என்னக்கா போட்டு, கப்பலையே இழுக்கும்!”

மனைவி உள்ளே போகிற போக்கில் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். அக்கா சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார்.

முதலில் இடது பக்கத்தைத்தான் எடுத்தேன். எல்லாத் தகடுகளையும் வண்டியிலேயே மாட்டி, அங்கங்கே பொட்டு வைப்பதுபோல் ஒட்டிக்கொண்டு, பிறகு இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று இடம் மாற்றி மாற்றி முழுசாக ஒட்ட வேண்டும் என்று தாளில் தெளிவாகவே போட்டிருந்தார்கள். கை பழகிவிட்ட தெனாவட்டில் நான் இடது மூலையைக் கழற்றித் தரையில் வைத்து ஒரே மூச்சில் ஒட்டி முடித்தேன். சூட்டில் தகடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. ஆறியபின் வண்டியில் வைத்துப் பார்த்தால் போல்ட் போகவேண்டிய துளை ஒரு விரல் அளவு தள்ளி நின்றது. எனக்கு வந்த கோபத்தில் கையுறையைக் கழற்றி அடித்தேன், அது போய் மேல்வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் மேல் விழுந்தது. பிறகு கிரைண்டரை எடுத்து, ஒட்டியதை அறுத்து, நேராக்கி, வண்டியிலேயே மாட்டிவைத்து மறுபடி ஒட்டினேன். கொக்கி இருக்கும் அந்த இடத்தில் வெல்டிங் மேல் வெல்டிங்காக ஏறிவிட்டது. கெட்டியாகத்தான் இருந்தது. பார்க்கத்தான் கண்றாவி. வலது பக்கத்துக்கு வந்தபோது கை நன்றாகத் தேறிவிட்டதால் அந்தப் பக்கம் முத்து முத்தாக வந்தது.

அடுத்தது பெயிண்ட். நம் ஊரில் எந்த வண்டி எங்கே அடிபட்டாலும் பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் பட்டி பார்ப்பது வழக்கம். பள்ளம் மேடு எல்லாவற்றிலும் பட்டி என்கிற பசையைப் பூசி, தேய்த்து மழமழப்பாக்கி, மேலே பெயிண்ட் அடித்தால் அடிபட்ட இடமே தெரியாது. சேலையூரில் பெயிண்ட் அடிக்கும் அண்ணன் என் பம்பரின் இடது மூலையைத் தடவிப் பார்த்தார்.

“இன்னா சார், இந்தப் பக்கம் அம்மை போட்ட மாதிரி கீது? பட்டி பாத்துட்டா மொழுமொழுன்னு ஆயிடும்.”

வெல்டிங் மேல் பட்டி பூசக் கூடாது. உள்ளே விரிசல் விழுந்தால் வெளியே தெரியாது. அதிலும் கொக்கி இருக்கிற இடத்தில் கூடவே கூடாது. எனக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியைச் சர்ச் வாசலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும், துக்கம் விசாரித்த அத்தனை பேரும் பார்ப்பார்கள். பூசுங்கண்ணா என்றேன். ஞாயிறன்று ஆராதனை முடிந்ததும் பம்பரைச் சுற்றி ஒரு சிறு கூட்டமே கூடியது. யார் செய்தது என்று கேட்டவர்களுக்குச் சொன்னேன். கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

பிறகு மழைக்காலம் வந்தது. ஒரு விடுமுறை நாள் காலையில் மீன்கார அக்காவிடமிருந்து போன்.

“சார், கடலு ஏறிகினே வருது. போட்டு வக்கிற எடத்த அப்டியே துன்னுகினு கீது. எல்லாத்தையும் ரோட்டாண்ட ஏத்தணும். எங்க டிராக்டரு புட்டுகிச்சு. பக்கத்துக் குப்பத்து டிராக்டர அனுப்பறோம்னாங்கோ, நாந்தான் வாணாம்னுட்டேன். எங்க சாராண்ட ஜீப்பு கீது, கப்பலையே இஸ்துரும்னு சொல்லிட்டேன். வந்துடு சார்.”

அந்த டிராக்டரைத் திரும்பக் கூப்பிட முடியாதா என்று கேட்டேன். அது அதற்குள் வேறு ஊருக்குப் போய்விட்டதாம். போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். சும்மா வாயில் வந்ததைச் சொன்னேன், ஒரு குப்பமே அதை நம்பி உட்கார்ந்திருக்கிறது.

“சொன்னது நீங்கதானே? கிளம்புங்க,” என்றாள் மனைவி. கூடவே, “கயிறு பக்கத்துல ஒருத்தரையும் நிக்க விடாதீங்க, ப்ளீஸ்,” என்றாள். அந்தச் சிவப்பு வரியை அவள் மறக்கவில்லை.

அகரம்தென், மேடவாக்கம், சோழிங்கநல்லூர் என்று தண்ணீர் தேங்கிய சாலைகளில் போய்ச் சேர்ந்தேன். மழை அப்போதைக்கு விட்டிருந்தது, காற்று விடவில்லை. மணல் செங்குத்தாக வெட்டுப்பட்டு, அதன் விளிம்பில் போட்டுகள் வரிசையாக நின்றன. கடலை ஒட்டி, எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றது அக்காவின் போட்டு. அடியில் மணல் அரித்து அதன் பின்பாதி ஏற்கெனவே தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. ஒவ்வோர் அலையும் அதைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

டயர்களில் காற்றைக் குறைத்து மணலில் இறங்கினேன். இரண்டு கொக்கிக்கும் சேர்த்துக் கயிற்றைப் பூட்டினேன். கயிறு அறுந்தால் எகிறாமல் கீழே விழட்டும் என்று அதன் நடுவில் நனைந்த பழைய வலையைச் சுமையாகப் போடச் சொன்னேன். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னேன். அங்கேதான் பிரச்சினை. போட்டு ஏற்றுவதென்றால் குப்பத்தில் எல்லோரும் அதன்மேல் கை வைக்க வேண்டும். பக்கத்துக்குப் பத்துப் பேராவது தோள் கொடுத்துத் தள்ளுவார்கள். முன்மூக்கில் ஒருவர் நின்று, அது உருளைக்கட்டைகளை விட்டு விலகாமல் பிடித்துத் திருப்பிக்கொண்டே வர வேண்டும். அந்த ஆள் நிற்பது கயிற்றை ஒட்டி. டிராக்டர் இழுத்தாலும் அப்படித்தான். பக்கவாட்டில் தள்ளட்டும், மூக்கில் மட்டும் யாரும் வேண்டாம் என்று கத்திச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

ஜீப் முக்கி முனகி நகர்ந்தது. போட்டும் நகர்ந்தது. பாதி மேடு ஏறியிருக்கும், பின்னால் ‘டப்’ என்று ஒரு சத்தம்.

பிரேக்கை மிதித்து இறங்கி ஓடினேன். போட்டுக்கு அடியில் கட்டைகளை முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டார்கள். பம்பரின் இடது மூலையில், கொக்கிக்குச் சற்றுக் கீழே, கறுப்புப் பெயிண்டில் மயிரிழையாக ஒரு கோடு ஓடியிருந்தது.

வெடித்தது பட்டியா, அதற்கு அடியில் இருக்கும் வெல்டிங்கா? வெல்டிங் என்றால் அடுத்த இழுப்பில் கொக்கி பிய்ந்து யார் மண்டையில் போய் அடிக்கும் என்று சொல்ல முடியாது. பட்டி மட்டும் என்றால் ஒன்றுமே இல்லை. பட்டி இல்லாமல் இருந்திருந்தால் கண்ணாலேயே பார்த்துச் சொல்லியிருப்பேன். சர்ச் வாசலில் நின்று பல்லைக் காட்டிய என்னை நானே நாலு திட்டுத் திட்டிக்கொண்டேன்.

அக்காவின் வீட்டுக்காரர் இடுப்பளவு தண்ணீரிலிருந்து கத்தினார். “ஒண்ணும் ஆவாது சார், இஸ்!”

“ஆகாதுன்னு நீங்க சொல்லாதீங்க, ஒட்டினவன் நான் சொல்லணும்!” என்று நானும் கத்தினேன்.

அக்காவிடம் கத்தி கேட்டேன். கொடுக்கவில்லை, எங்கே சுரண்ட வேண்டும் என்று மட்டும் கேட்டார். குந்தி உட்கார்ந்து, வஞ்சிரத்துக்குச் செதில் சீவுகிற அதே வேகத்தில் பட்டியைச் சீவித் தள்ளினார். என் அம்மைத் தழும்பு வெல்டிங் அத்தனை பேர் முன்னாலும் வெளியே வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். அந்த மேடு பள்ளத்தில் விரிசல் இருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை.

வெல்டிங் வீடியோக்களில் ஒரு வழி பார்த்திருந்தேன். மண்ணெண்ணெயைத் தடவி ஊறவிட வேண்டும். விரிசல் இருந்தால் எண்ணெய் அதற்குள் இறங்கிவிடும். பிறகு மேலே சுத்தமாகத் துடைத்துவிட்டு, உலர்ந்த வெள்ளைப் பொடியைத் தூவ வேண்டும். உள்ளே இறங்கிய எண்ணெய் பொடியில் ஊறிக் கோடாகத் தெரியும். கோடு வராவிட்டால் விரிசல் இல்லை. போட்டு எஞ்சினுக்கு வைத்திருந்த மண்ணெண்ணெய் உடனே வந்தது. பொடிக்குத்தான் வழியில்லை. எல்லாமே நனைந்து கிடந்தது.

“வெள்ளப் பொடி ஏதாவது இருக்காக்கா? பவுடர், சாக்பீஸ், எதுவானாலும் சரி. ஈரமில்லாம இருக்கணும்.”

அக்கா ஒரு நொடி யோசித்தார். பிறகு அம்மன் கோயிலைப் பார்த்து ஓடினார். திரும்பி வந்தபோது கையில் ஓர் எவர்சில்வர் டப்பா நிறையத் திருநீறு.

காற்றுக்கு மறைப்பாகப் பெண்கள் ஒரு தார்ப்பாயை விரித்துப் பிடித்துக்கொண்டார்கள். நான் மண்ணெண்ணெயைத் தடவிவிட்டு ஊறுவதற்காகக் காத்திருந்தேன். ஒவ்வோர் அலைக்கும் போட்டு அலறியது. துடைத்தேன். திருநீற்றை எடுத்துக் கொக்கியின் அடியிலும் மூலையிலும் தூவி மெதுவாகத் தடவினேன். நிமிர்ந்து பார்த்தால் தார்ப்பாய் பிடித்தவர்களைத் தவிர எல்லோரும் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு பெரியவர் கண்ணை மூடி, “ஆத்தா, நீதான் தொண,” என்றார். பூசை இல்லை, சோதனை என்று விளக்க வாயெடுத்தேன். பிறகு அந்த நேரத்தில் நானும் வேறு என்ன செய்துகொண்டிருந்தேன் என்று தோன்றியது. என் வாயும் ஜெபத்தைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

அக்காவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். “இந்தப் பொடியில ஈரக் கோடு வந்துச்சுன்னா நான் இழுக்க மாட்டேன்க்கா.”

“போட்டு?”

நான் டார்ச்சைப் பொடியின் மேல் அடித்தேன். அவர் என் பக்கத்தில் குந்திக்கொண்டு, கண்ணைச் சிமிட்டாமல் அந்த வெள்ளையையே பார்த்தார். நானும் பார்த்தேன். என் வாழ்க்கையில் ஒரு கைப்பிடித் திருநீற்றை அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்ததில்லை.

“ஈரம் வருதா சார்?”

“வரல.”

“இன்னும் கொஞ்சம் பாரு.”

பார்த்தேன். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பார்த்தேன். பெரியவர் கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தார். திருநீறு எள்ளளவும் நிறம் மாறாமல், உலர்ந்த வெள்ளையாகவே இருந்தது. வெடித்தது வெறும் பட்டி. என் வெல்டிங் அசையவில்லை.

“இருக்குக்கா. கெட்டியா இருக்கு,” என்றேன். “இழுக்கலாம்.”

வண்டியில் ஏறி, கியரைப் போட்டுவிட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். போட்டின் மூக்கில், கயிற்றை ஒட்டி, சேலையை வரிந்துகட்டிக்கொண்டு அக்கா நின்றார். நான் தலையை வெளியே நீட்டி, தள்ளிப் போகச் சொல்லிக் கத்தினேன். இரண்டாம் முறை கத்தியதும் திரும்பக் கத்தினார்.

“மூக்கப் புடிக்கலன்னா கவுந்துரும் சார்! நீதான ஒட்டுன? இஸ்!”

மெதுவாகக் கிளட்சை விட்டேன். முன்னால் இருந்த மேட்டை நான் பார்க்கவே இல்லை, கண்ணாடியில் அந்த முகத்தை மட்டும்தான் பார்த்தேன். அவர் ஒரு தடவைகூடக் கயிற்றைப் பார்க்கவில்லை, மூக்கைப் பிடித்துத் திருப்புவதிலேயே குறியாக இருந்தார். ஜீப் உறுமியது, கயிறு விண்ணென்று நின்றது, தள்ளுகிறவர்களின் கூச்சல் ஏறிக்கொண்டே போனது. ஒரு கணத்தில் பாரம் சட்டென்று லேசானது. போட்டு முழுசாக மேட்டுக்கு மேல் ஏறி, சமதரையில் சறுக்கிக்கொண்டு வந்தது.

இறங்கிப் பின்னால் போனேன். முடிச்சை அவிழ்ப்பதாக நினைத்து இன்னும் இறுக்கிவிட்டேன். அக்கா வந்து பார்த்தார். என் கையை விலக்கிவிட்டு முடிச்சை அவரே அவிழ்த்தார்.

“பயந்துட்டியா சார்?”

“ஆமாக்கா.”

“நானுந்தான்,” என்றார்.

அப்படிச் சொல்லிவிட்டுப் பம்பரின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு அவர் மூக்கைச் சிந்திச் சேலையில் துடைத்துக்கொண்டு, கீழே விளிம்பில் நின்ற அடுத்த போட்டைக் காட்டினார்.

“அது என் கொழுந்தனாருது. கட்டலாமா?”

“மொதல்ல அந்த மண்ணெண்ணெயையும் திருநீறு டப்பாவையும் எடுங்கக்கா,” என்றேன்.